பெட்ரோல் வழிந்து அடங்கிப்போகும் பழைய பிக்கப்: முதலில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு வெளியே வசிக்கும் வாசகர் ஒருவர், தம்முடைய பழைய பிக்கப் டிரக்கைப் பற்றி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வண்டி 1979ஆம் ஆண்டின் செவர்லே சி-10. எஞ்சின் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி-8. அதன் தலையில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்ப, நான்கு பேரல் (காற்றுத் துளை) கொண்ட ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். எட்டு மாதங்களுக்கு முன் தனிநபர் ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். முதல் ஆறு மாதங்களில் ஒரே ஒரு குறைதான் இருந்ததாம்: அரை மணி நேரம் ஓடிய வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் நன்றாக அடிக்கும், எஞ்சின் பிடிக்காது, பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கும். இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தால் கரும்புகையோடு எழும்.

பம்ப் தளர்ந்துவிட்டது என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, டேங்குக்கு அருகே மின்சார பெட்ரோல் பம்ப் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். எஞ்சினோடு இணைந்த பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றாமல், பெட்ரோல் அதன் வழியாகவே போகும்படி விட்டிருக்கிறார். இப்போது தினமும் சாவியைப் போட்டு, கார்புரேட்டர் நிரம்பட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்து, அப்பாவின் அம்பாசிடரில் பழகியபடி ஆக்சிலரேட்டரை ஐந்தாறு முறை மிதித்துவிட்டு செல்ஃப் அடிக்கிறார். இரண்டு மாதங்களாகக் காலையிலும் வண்டி எழுவதில்லை. எட்டு பிளக்கையும் மாற்றியாயிற்று, புதிய பிளக்குகளும் கருத்து நனைந்து வருகின்றன. எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை எஞ்சினுக்குள் அடித்தும் பயனில்லை. ஒரு பட்டறையில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் பார்த்து, இரண்டு சிலிண்டரில் 95 பவுண்டுதான் இருக்கிறது, எஞ்சின் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சினை மாற்றுவதா, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவதா, விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா, அல்லது மனைவி சொல்வதுபோல் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "நல்லவேளையாக ஆயில் மட்டும் குறையவே இல்லை, சொல்லப்போனால் மேல்குறியைத் தாண்டி நிற்கிறது."

அன்புள்ள நண்பருக்கு,

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்தக் கடைசி வரிக்காகத்தான். உங்கள் நான்கு கேள்விகளும் ஒரு வாரம் பொறுக்கும். அந்த வரி பொறுக்காது. எஞ்சின் ஆயில் தானாகக் கூடுவதில்லை. நீங்கள் ஊற்றாமல் அளவு ஏறியிருக்கிறது என்றால், வேறொன்று உள்ளே இறங்குகிறது. உங்கள் வண்டியில் அது பெட்ரோல் என்றே கருத வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே பிடியுங்கள். விரல்களுக்கிடையே ஒரு சொட்டு தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் நெடியும், தண்ணீர் போன்ற நீர்த்த தன்மையும் இருந்தால், இன்னொரு முறை சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பிறகு மேலே படியுங்கள்.

முதலில் ஆயிலும் கராஜும்

பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. அந்த நிலையில் எஞ்சின் பிடித்துவிட்டால்தான் உண்மையான சேதம் தொடங்கும். இதுவரை அது பிடிக்காமல் அடம்பிடித்தது உங்களுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஆயில் தேங்கும் அடித்தொட்டிக்குள் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும்போது ஒரு பேக் ஃபயர் (தவறான நேரத்தில் பற்றிப் பின்னோக்கி வரும் தீ) அடிப்பது. ஈதர் ஸ்ப்ரே அடித்தபோது கார்புரேட்டர் வழியாகத் தீப்பொறி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஈதர், பெட்ரோல் போதாத எஞ்சினுக்கு ஒரு சோதனை. பெட்ரோலில் நனைந்து கிடக்கும் எஞ்சினுக்கு அதை அடிப்பதில் ஆபத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. அந்த டப்பாவை அலமாரியில் பூட்டிவையுங்கள்.

வண்டி வீட்டோடு ஒட்டிய கராஜில் நிற்கிறது என்றும், அதே கராஜில் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். கராஜில் வைக்கும் கொதிகலனின் தீ தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்வது இதற்காகத்தான். ஆனால் பழைய வீடுகளில் அந்த உயரத்தை நம்பியிருக்க முடியாது. வண்டியை ஆட்களைக் கொண்டு தள்ளி வெளியே நிறுத்துங்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆயிலை வெளியிலேயே வடித்து, ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்ததில் பெட்ரோல் கலந்திருக்கிறது என்பதைக் கழிவு வாங்கும் இடத்தில் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சாதாரணக் கழிவு ஆயில் தொட்டியில் அதை ஊற்றக் கூடாது.

இரண்டு கோளாறுகள், ஒன்றின் மேல் ஒன்று

உங்கள் கடிதத்தைத் தேதி வாரியாக மறுபடி அடுக்கிப் பார்த்தேன். ஆறு மாதம் வரை, சூடான வண்டி நின்ற பிறகு மட்டும் எழவில்லை, காலையில் எழுந்தது. மின்சார பம்ப் வந்த பிறகுதான் காலையிலும் எழவில்லை, ஆயிலும் ஏறியது. ஆகவே இங்கே இருப்பது ஒரே நோயின் முற்றிய நிலை என்று நீங்கள் நினைப்பது தவறு. பழைய கோளாறு ஒன்று. அதற்கு மருந்து என்று நினைத்துச் செய்ததால் வந்த புதுக் கோளாறு மற்றொன்று. இப்படிப்பட்ட இடத்தில் பட்டறைக்காரர்களின் வழக்கம், கடைசியாகச் செய்த மாற்றத்தை முதலில் விலக்குவது.

இந்த எஞ்சினின் மெக்கானிக்கல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டுக்கும் குறைவு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் வாயை ஒரு சிறு ஊசி வால்வு மூடுகிறது. அதை மேலே தள்ளி மூடவைப்பது மிதவை. அந்த மிதவையின் பலம் இந்த அழுத்தத்துக்குத்தான் போதுமானது. நீங்கள் வாங்கிய பம்பின் பெட்டியில் 14 பவுண்டு என்றும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருடன் பொருத்தவும் என்றும் அச்சிட்டிருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரெகுலேட்டர் பொருத்தியதாக எழுதவில்லை. அவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் ஊசி திறந்துகொள்ளும், பெட்ரோல் கிண்ணம் நிரம்பி வழியும், வழிந்தது நேராக எஞ்சினின் தொண்டைக்குள் இறங்கும். அதிலும் நீங்கள் பம்பை நேரடியாக சாவியோடு இணைத்திருப்பதால், எஞ்சின் ஓடாவிட்டாலும் பம்ப் ஓடுகிறது. கார்புரேட்டர் நிரம்பட்டும் என்று காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் நிரம்புவது கார்புரேட்டர் மட்டுமல்ல. கார்புரேட்டர் வண்டியில் மின்சார பம்ப் வைப்பவர்கள், ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்து வைப்பார்கள். விபத்தில் குழாய் அறுந்தால் பெட்ரோலைத் தெருவில் கொட்டாமல் இருப்பதற்கும் அதுதான் காவல்.

ஆயிலுக்குள் பெட்ரோல் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிலிண்டரில் தேங்கியது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைக் கடந்து கீழே இறங்குவது. மற்றொன்று, பழைய மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் (உள்சவ்வு) கிழிந்திருந்து, பின்னாலிருந்து மின்சார பம்ப் தள்ளும் பெட்ரோல் அந்தக் கிழிசல் வழியாக நேராக அடித்தொட்டிக்குப் போவது. உங்கள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்திருக்கக் கூடும். பழைய பம்பைக் கழற்றி, எஞ்சின் பக்கம் இருக்கும் கரத்தைப் பாருங்கள். அங்கே ஆயில் மட்டும் இருக்க வேண்டும், பெட்ரோல் நெடி இருக்கக் கூடாது.

என் யோசனை, மின்சார பம்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, அசலுக்கு இணையான புதிய மெக்கானிக்கல் பம்ப் ஒன்றைப் போடுவது. இரண்டு போல்ட் வேலைதான், ஆனால் ஒரு தொல்லை உண்டு: பம்பை இயக்கும் தள்ளுதண்டு கழற்றியதும் கீழே நழுவும், புதிய பம்ப் உட்காராது. எஞ்சின் பிளாக்கின் முன்முகத்தில், பம்புக்கு மேலாக, ஒரு குட்டை போல்ட் இருக்கும். அதை எடுத்துவிட்டு அதே மரையுள்ள நீள போல்ட்டை விரலால் மட்டும் திருகினால் தண்டு மேலேயே நிற்கும். பம்பைப் பொருத்தியதும் நீள போல்ட்டை எடுத்துவிட்டுப் பழைய குட்டை போல்ட்டையே திரும்பப் போட மறக்காதீர்கள். மறந்தால் செல்ஃப் அடித்த முதல் நொடியிலேயே தண்டு வளையும்.

ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள்

இந்த இரண்டு மாதங்களில் நீங்கள் பல பொருள்களை மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் ஏர் கிளீனரைத் திறந்து கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததாக ஓரிடத்திலும் எழுதவில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சாவியைத் தொடாமல் பாருங்கள். ஆக்சிலரேட்டர் இழுக்கும் த்ராட்டிலைக் கையால் ஒருமுறை முழுக்கத் திருப்பினால், குளிரில் காற்றைக் குறைக்கும் சோக் தகடு மூடிக்கொள்ள வேண்டும். முன்பக்கத் துளைகளில் இரண்டு மெல்லிய பெட்ரோல் பீச்சல்கள் தெரிய வேண்டும். பீச்சல் இல்லை என்றால் இரவில் கிண்ணம் காலியாகியிருக்கக் கூடும். பிறகு ஒரு முறை எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்திவிட்டு, உடனே மறுபடி பாருங்கள். சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தே நின்றால் சோக்கை விடுவிக்கும் சுருள், அல்லது எஞ்சின் எழுந்ததும் தகட்டைச் சற்றுத் திறக்கும் வெற்றிட டயஃப்ரம் போயிருக்கிறது. கரும்புகைக்கு அது ஒன்றே போதும். சோக் சரியாக இருந்து, உள்ளே நாசில்களிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால், குற்றவாளி ஊசி வால்வு, மிதவை, அல்லது வெப்பம்.

குவாட்ராஜெட்டின் மிதவை பித்தளையால் ஆனதன்று. நுண்ணறைகள் கொண்ட பிளாஸ்டிக். நாற்பது ஆண்டுகளில் அது பெட்ரோலை உறிஞ்சிக் கனக்கும். கனத்த மிதவை தாழ்வாக மிதக்கும், ஊசியைத் தாமதமாக மூடும், கிண்ணத்தில் அளவு உயரும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். புதிய மிதவையோடு சிறு தராசில் எடை போட்டால்தான் தெரியும். ஊசியில் தூசு மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் புதிய ரப்பர்க் குழாய்களை வெட்டிப் பொருத்தியிருக்கிறீர்கள். வெட்டிய குழாயின் துணுக்கு ஒன்று உள்ளே போனாலே போதும். பெட்ரோல் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் சொட்டுவது நின்றால் அதுதான் காரணம்.

சூடாக நின்றபோது மட்டும் வரும் உங்கள் பழைய கோளாறுக்கு என் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல். எஞ்சின் நின்றதும் குளிர்நீர் ஓட்டமும் விசிறியும் நின்றுபோகின்றன. அடுத்த இருபது நிமிடம் கார்புரேட்டரின் சூடு ஏறிக்கொண்டுதான் போகும். இந்த எஞ்சினில் புகைபோகும் வழி ஒன்று கார்புரேட்டருக்கு நேர் கீழே குறுக்காகச் செல்கிறது. இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் அது 1979இன் பெட்ரோலைவிட எளிதில் கொதிக்கும். கொதித்த பெட்ரோல் நாசில் வழியே தொண்டைக்குள் பொங்கி வழியும். கார்புரேட்டருக்கு அடியில் கெட்டியான வெப்பத் தடுப்பு கேஸ்கட் வைப்பது இதற்குத் தணிப்பு. மேலே ஒரு சொட்டும் தெரியாமல் காலையில் கிண்ணம் மட்டும் காலியாக இருந்தால், கார்புரேட்டரின் அடிப்பகுதியில், பெட்ரோல் நிற்கும் சிறு கிணறுகளின் அடைப்புகள் கசிகின்றன. குவாட்ராஜெட்டை அறிந்தவர்கள் எல்லோரும் அறிந்த இடம் அது. கழற்றிய கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, காற்றோட்டமான வெளியிடத்தில் ஒரு காகிதத்தின்மேல் சில மணி நேரம் வைத்தால், கறை எங்கே விழுகிறது என்று காகிதமே காட்டிக்கொடுக்கும். எபாக்சி பசை வைத்து அடைத்துவிடலாம்.

அம்பாசிடர் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் நான் தொழில் பழகியதும் அம்பாசிடரில்தான்; அங்கே சோக்கைக் கையால் இழுத்தோம், ஆக்சிலரேட்டரை மிதித்தது பெரும்பாலும் மனநிறைவுக்காக. இங்கே ஒவ்வொரு மிதிக்கும் உள்ளிருக்கும் குட்டி பம்ப் ஒரு பீச்சு பீச்சுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு ஒருமுறை முழுக்க மிதித்து விடுங்கள், சோக் தானே மூடிக்கொள்ளும். சூடான எஞ்சினுக்கு மிதிக்கவே வேண்டாம். பாதி அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் வழிந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும், தரைவரை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு, பத்து நொடிக்கு மிகாமல் அடித்து ஓய்வு கொடுங்கள். அந்த நிலையில் சோக்கைத் திறந்து வைக்கும் நெம்பு ஒன்று உண்டு. பாதியில் செல்ஃப் தடக்கென்று நின்றால் உடனே விடுங்கள். சிலிண்டரில் பெட்ரோல் திரவமாகவே தேங்கியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு பிளக்குகளை எடுத்து உலர விட வேண்டும்.

நனைந்த பிளக் சொல்வது பாதிதான்

பிளக் நனைந்திருப்பதை அளவுக்கு மீறிய பெட்ரோலுக்கு மட்டுமே அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அளவான பெட்ரோல் வந்து, பொறி வராவிட்டாலும் பிளக் அதேபோல் நனையும். உங்கள் வண்டியில் இருப்பது, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலேயே காயிலை வைத்த எலக்ட்ரானிக் இக்னிஷன். அதற்குள் பொறியைக் கட்டுப்படுத்தும் சிறிய மின்னணு மாட்யூல் சூடானதும் செயலிழந்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும் பழக்கமுடையது. உங்கள் பழைய கோளாறின் சாயல் இதிலும் தெரிகிறது. ஆகவே பெட்ரோல் ஈரம் எல்லாம் உலர்ந்த பிறகு, வண்டி சூடாக அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே, ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வயரைக் கையில் பிடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது; நாள்கணக்கில் செல்ஃப் அடித்த பேட்டரி இறங்கியிருக்கத்தான் செய்யும், அப்போது பொறியும் மெலியும்.

அந்தக் கம்ப்ரெஷன் கணக்கு

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் தவறான நாளில் அளந்திருக்கிறார். பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டால் ரிங் அடைக்காது, அளவு குறைந்தே காட்டும். ஆயில் மாற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு, செல்ஃப் சில சுற்று சுற்றவைத்து, பின்னர் எஞ்சின் சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்கச் சொல்லுங்கள். எல்லாம் 100க்கு மேலிருந்து, மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் எஞ்சினை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

மாற்றுவதா, விற்பதா

இன்ஜெக்‌ஷனுக்கு மாறுவது நல்ல யோசனைதான், ஆனால் இன்றைக்கு அல்ல. செவர்லே நிறுவனமே இந்த வரிசை பிக்கப்புகளின் வி-8 எஞ்சின்களுக்கு 1987இல் இன்ஜெக்‌ஷன் கொண்டுவந்துவிட்டது. வெளிச்சந்தையிலும் பொருத்துத் தொகுதிகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல 58 பவுண்டு அளவு அழுத்தம் கேட்பவை; பம்ப், குழாய், திரும்பும் வழி, மின்கம்பி எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். உண்மைக் காரணம் மாட்யூலாக இருந்தால், அவ்வளவும் செய்த பிறகும் வண்டி கடை வாசலில் நிற்கும். வேறு வகைக் கார்புரேட்டர் வாங்குவதிலும் சிக்கல் உண்டு: குவாட்ராஜெட்டின் முன்துளைகள் சிறியவை, பின்துளைகள் பெரியவை; நான்கு துளையும் ஒரே அளவான, சதுர அமைப்புள்ளவை அதைத் தாங்கும் மேனிஃபோல்டில் இணைப்புத் தகடு இல்லாமல் உட்காரா. என் தேர்வு, இருப்பதையே பழுது பார்ப்பது. கார்புரேட்டரின் ஓட்டுநர் பக்கத்தில் 170 என்று தொடங்கும் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லிப் பழுதுபார்ப்புத் தொகுதியையும் புதிய மிதவையையும் வாங்குங்கள். மிதவையின் உயர அளவு எண்ணுக்கு எண் மாறும்.

சட்டம் குறுக்கே நிற்காது. நீங்கள் இருக்கும் டெக்சஸில் 25 ஆண்டு கடந்த வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை. 2025 ஜனவரி முதல் தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையும் எடுக்கப்பட்டுவிட்டது. நீங்கள் கலிஃபோர்னியாவுக்கு மாறுவதாக இருந்தால் கதை வேறு: அங்கே 1976 முதலான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனைக்கு உட்பட்டவை, கண்டபடி கார்புரேட்டர் மாற்ற முடியாது.

விற்றவரிடம் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய வண்டி வாங்குவோருக்கான கூட்டாட்சி விதி, ஜன்னலில் விவர அட்டை ஒட்டச் சொல்வது வியாபாரிகளைத்தான். தனிநபர் விற்பனை பெரும்பாலும் உள்ளது உள்ளபடியே என்ற கணக்கில் முடிந்துவிடும். தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட எழுத்து ஏதேனும் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் 14 பவுண்டு பம்பை வைத்தது நீங்கள் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

மனைவியின் யோசனையை நான் மறுக்கவில்லை. கராஜில் நெடி வந்த அன்றே அவர் கவலைப்பட்டது சரிதான். ஆனால் இப்போது இருக்கும் நிலையில் விற்றால், ஓடாத வண்டி, எஞ்சின் போனது என்ற விலைதான் கிடைக்கும். ஆயில், பம்ப், மிதவைத் தொகுதி ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு, அதன்பின் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். புதிதாக ஊற்றிய ஆயிலையும் நூறு மைல் ஓடியதும் மறுபடி மாற்றிவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு காலையும் டிப்ஸ்டிக்கில் ஆயில் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். குறி மறுபடி மேலே ஏறினால், வண்டியை எடுக்காமல் எனக்கு எழுதுங்கள்.